தீயின்மேல் சுமத்திய பழி

எங்கள் ஊராகிய போடிநாயக்கனூருக்கு மேற்கே மலை ஒரு சுவர்போல எழுந்து நிற்கிறது. ஊருக்குள் நின்று பார்ப்பவனுக்கு அது நீலச் சுவர். முந்தலைத் தாண்டிப் போடிமெட்டுச் சாலையில் வளைவு வளைவாக ஏறுகிறவனுக்கோ அது காடாகவும் தோட்டமாகவும் மேகமாகவும் பிரிந்து விரியும். விடியுமுன்னே தொழிலாளரை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் அந்தச் சாலையில் ஏறுவதும், பொழுது சாயும் வேளையில் இறங்குவதும் எங்களுக்கு அன்றாடக் காட்சி. மலைக்கு அப்பால் கேரள மண்ணில் விளையும் ஏலக்காயின் கணிசமான பகுதி, மூட்டையாகி இறங்கி, எங்கள் ஊர் ஏலக்கூடத்தில்தான் விலை பெறுகிறது.

போடிமெட்டைக் கடந்து பூப்பாறைக்குப் போகும் வழியில் என் தந்தையார் விட்டுச்சென்ற சிறு ஏலத்தோட்டம் ஒன்று எனக்கு உண்டு. தோட்டம் சிறிதாயினும் அதில் அவர் கட்டிய ஸ்டோர் சிறிதன்று. காயை உலர்த்தும் கட்டடத்தை எங்கள் பக்கத்தில் 'ஸ்டோர்' என்றுதான் சொல்வோம். சொந்தமாக ஸ்டோர் இல்லாத அக்கம்பக்கத்துச் சிறு விவசாயிகளும் கூலி கொடுத்துத் தங்கள் காயை அங்கே உலர்த்திக்கொள்வார்கள். ஆகவே அங்கே எரிகின்ற தீ எங்கள் குடும்பத்தின் பிழைப்பை மட்டுமன்றி, இன்னும் ஏழெட்டுக் குடும்பங்களின் ஓராண்டு உழைப்பையும் தாங்கி நிற்பது.

முப்பது ஆண்டுகள் பள்ளியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். வெப்பம் பரவும் மூன்று முறைகளையும் எத்தனையோ வகுப்புகளுக்குக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். அந்தப் பாடத்தை உண்மையில் நான் கற்றுக்கொண்டது 2022ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்து மழையிரவு ஒன்றில். அதற்கு விலையாக என் உயிரைக் கொடுத்திருப்பேன். அதற்கும் முன்னதாக இன்னொருவர் உயிரை. அந்த இன்னொருவருக்கு நான் இழைத்த அநீதியை எழுதிவைப்பது என் கடமை என்று நெடுநாளாகத் தோன்றிக்கொண்டிருந்தது. இப்போதுதான் மனம் துணிந்தது.

ஏலக்காயை உலர்த்துவது பார்வைக்கு எளிய வேலை. செடியில் முழுதும் பழுத்துவிடுமுன் பறித்த பச்சைக்காயின் எடையில் ஐந்தில் நான்கு பங்கு நீர். ஏறத்தாழ 5 கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் 1 கிலோ சரக்கு கிடைக்கும். பறித்த காயைக் கழுவி, பச்சை நிறம் காப்பதற்காக 2 விழுக்காடு வாஷிங் சோடாக் கரைசலில் 10 நிமிடம் ஊறவைத்து, தட்டுகளில் பரப்பி அறைக்குள் அடுக்குவோம். அறையின் வெப்பம் 45 முதல் 50 டிகிரி செல்சியசுக்குள் ஓர் இரவும் ஒரு பகலுமாக நிலைத்து நிற்க வேண்டும். குறைந்தால் காயில் பூஞ்சணம் பிடிக்கும். 60ஐத் தாண்டினாலோ தோல் வெடிக்கும், பச்சை மங்கிப் பழுப்பேறும், மணத்தைத் தரும் எண்ணெய் ஆவியாகிப் போய்விடும். ஏலத்துக்கு வரும் வியாபாரி உள்ளங்கையில் பத்துக் காயை உருட்டிப் பார்த்தவுடனே முந்தைய மாதத்தின் ஒரு நாளிரவில் நமது ஸ்டோரில் என்ன நடந்தது என்பதைக் கண்டுகொள்வார்.

என் தந்தையார் காலத்தில் விறகு அடுப்பு. அறைக்கு வெளியே அடுப்பு எரியும். அதன் அனலும் புகையும் அறைக்குள் வளைந்து செல்லும் இரும்புக் குழாய்களின் வழியே சென்று மறுபுறம் புகைபோக்கியில் வெளியேறும். 2018 ஆகஸ்ட்டில் வந்த பெருவெள்ளமும் அடுத்து வந்த வறட்சியும் செடிகளை அழித்ததால், 2019 ஆகஸ்ட்டில் ஒரு கிலோ ஏலக்காய் ஏலத்தில் 7000 ரூபாயைத் தொட்டது. கைக்கு வந்த அந்தப் பணத்தில் நான் விறகை ஒழித்து எரிவாயு அடுப்பை நிறுவினேன். பர்னரின் சுடர் ஓர் இரும்புக் கூட்டுக்குள் எரியும். எரிந்த வாயு புகைபோக்கி வழியே வெளியேறும். அந்தக் கூட்டின் வெளிப்புறத்தை ஒட்டிப் புளோயர் ஒன்று நல்ல காற்றை ஊதும். அந்தக் காற்று சூடேறி அறைக்குள் போய்க் காயின் ஈரத்தை வாங்கிக்கொண்டு, மேற்சுவரில் உள்ள திறப்புகளின் வழியே வெளியேறும். அறைக்குள் ஒரு சென்சார் உண்டு. வெப்பம் 50ஐத் தொட்டால் அது பர்னரை நிறுத்தும். அதற்கும் மேலாக, இரும்புக் கூடே அளவு கடந்து சூடேறினால் எல்லாவற்றையும் நிறுத்திவிடும் பாதுகாப்புக் கருவி ஒன்றும் உண்டு. அது ஒருமுறை நிறுத்திவிட்டால் மனிதர் கைவைத்து ரீசெட் பொத்தானை அழுத்தினாலன்றி அடுப்பு மீண்டும் எரியாது.

விறகுக் காலத்திலிருந்தே அடுப்பைப் பார்த்துக்கொண்டவர் ஒருவர் இருந்தார். எழுபதை நெருங்கியவர். என் தந்தையார் அவரைத் தம்பி என்று அழைப்பார். நான் பெரியவரே என்பேன். அவர் என்னை வாத்தியாரய்யா என்பார். விறகு போய் எரிவாயு வந்த பிறகும் அவர் அடுப்பறையிலேயே கட்டில் போட்டுப் படுத்துக்கொண்டு, இரவில் இரண்டு முறை எழுந்து தீயைப் பார்ப்பார். "பொத்தானை நம்பிப் படுக்க எனக்கு ஆகாதுங்கய்யா" என்பார். மலைக்குளிர் கடுமையானது என்பதால் கதவைச் சாத்திக்கொண்டுதான் படுப்பார்.

அந்த ஐப்பசியில் காய்விலை சரிந்து கிலோ 1000 ரூபாய்க்கும் கீழே கிடந்தது. சிலிண்டர் செலவோ ஏறிக்கொண்டே போயிற்று. நான் சிக்கனத்தில் இறங்கினேன். மேற்சுவர்த் திறப்புகளின் வழியே சூடான காற்று வீணாய்ப் போகிறதே என்று எண்ணி, நான்கில் மூன்றைச் சாக்கை மடித்து அடைத்தேன். ஒரே ஈட்டில் அதிகக் காய் உலரட்டும் என்று தட்டுகளுக்கிடையே இருந்த இடைவெளியைக் குறைத்து, சுவரோரம் வரை நெருக்கி அடுக்கச் செய்தேன். சிக்கனம் என்பது நற்பண்பு என்றே நான் பிள்ளைகளுக்குப் போதித்தவன். ஆகையால் அதில் தவறு இருக்கக்கூடும் என்று ஒரு கணமும் ஐயுறவில்லை.

பத்து நாட்களுக்குள் தொல்லை தொடங்கிற்று. அடுப்பு நடுவில் நின்று போகும். பெரியவர் என்னைக் கூப்பிடுவார், நான் போய் ரீசெட் பொத்தானை அழுத்துவேன், மீண்டும் எரியும். முதலில் இரவுக்கு ஒருமுறை. பிறகு மூன்று முறை. காயைத் திறந்து பார்த்தால் காற்று நுழையும் பக்கத்துத் தட்டுகளில் வெடித்துப் பழுத்த காய். மூலைத் தட்டுகளிலோ ஈரம் போகாமல் வியர்த்துக் கிடக்கும் காய். ஒரே அறையில், ஒரே இரவில், ஒன்று கருகுகிறது, மற்றொன்று அழுகுகிறது! மீட்டரைப் பார்த்தால் 42 டிகிரி என்று சாதுவாகக் காட்டும்.

பெரியவர் ஒருநாள் சொன்னார்: "ஐயா, தீயோட நெறம் சரியில்ல. நீலமா நின்னு எரிஞ்சது இப்ப மஞ்சளா நாக்கை நீட்டி ஆடுது. கூண்டுக்கு மேல கரி படியுது."

"நிறம் எப்படி இருந்தால் என்ன? சூடு வருகிறதல்லவா?" என்றேன்.

இரண்டு நாள் கழித்து, "காலையில எந்திரிச்சா தலை இடிக்குதுங்கய்யா. வாந்தி வாறாப்புல இருக்கு. வெளிய வந்து நின்னா சரியாப் போகுது" என்றார்.

அன்று காலை அவர் நடந்து வந்ததை நான் பார்த்திருந்தேன். கால் தடுமாறிற்று, பேச்சும் சற்றுக் குழறிற்று. அயலார் இருவர் தங்கள் காய் வெடித்துப் போனதைக் கையில் ஏந்திக்கொண்டு என் முன்னே நின்றார்கள். கூடை இறக்க வந்த பெண்களும் நின்றார்கள். எனக்கு அவமானம். அவமானம் சினமாக மாறுவதற்கு நெடுநேரம் ஆவதில்லை. இரவில் குடித்துவிட்டுத் தூங்கிவிடுகிறார், சூட்டைக் கூட்டிவைத்துவிட்டுக் கவனியாமல் விடுகிறார் என்று என் மனம் தானே ஒரு கதையைக் கட்டிக்கொண்டது. "இந்த வயதிலுமா குடி? ஊரார் காயை எரித்துவிட்டுத் தலைவலி என்றால் யார் நம்புவது? இன்று இங்கே படுக்க வேண்டாம், வீட்டுக்குப் போங்கள்" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன்.

அவர் குடியை விட்டுப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அது எனக்குத் தெரியும். தெரிந்தே சொன்னேன் என்பதை இங்கே மறைக்காமல் எழுதுகிறேன். அவர் ஒன்றும் பேசவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, கீழே இறங்கும் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

அன்றிரவு அடுப்பறைக் கட்டிலில் நானே படுத்தேன். வெளியே சாரல். கதவையும் சன்னலையும் சாத்திக்கொண்டேன். தீயைச் சிறிது குறைத்து வைத்தேன். இனி சூடு மிகாது என்ற நிம்மதியோடு கண்ணயர்ந்தேன். நள்ளிரவு தாண்டிய பின் ஏதோ ஓசை நின்றுபோனது போலிருந்தது. பாதுகாப்புக் கருவி மீண்டும் அடுப்பை நிறுத்தியிருந்தது. பர்னரின் இரைச்சல் அடங்கிய அந்த மௌனமே என்னை எழுப்பிற்று. எழ முயன்றேன். நெற்றியை இரும்புப் பட்டையால் இறுக்கியது போன்ற வலி. கால்கள் என் கால்களாக இல்லை. வயிறு புரட்டிற்று. பொத்தான் இருந்த சுவர் நாலடி தூரம்தான். அங்கே போய் அழுத்திவிட்டு மீண்டும் படுத்துக்கொள்ளத்தான் நினைத்தேன். ஆனால் வாந்தி முந்திக்கொண்டதால் கதவைத் திறந்து வெளியே விழுந்தேன்.

மழைத்துளி முகத்தில் பட்டது. குளிர்ந்த காற்றை வாயால் இழுத்தேன். சிறிது நேரத்தில் தலை தெளிந்தபோது, பெரியவர் சொன்ன வார்த்தைகளே என் காதில் ஒலித்தன: வெளிய வந்து நின்னா சரியாப் போகுது. அவர் அந்தக் காலையில் தடுமாறியதற்கும் குழறியதற்கும் காரணம் எனக்கு அந்தச் சேற்றில் அமர்ந்திருந்தபோது விளங்கிற்று. நான் இயற்பியல் ஆசிரியன். அதைக் கண்டுபிடிக்க எனக்கு அந்த நோய் என் உடம்பிலேயே வரவேண்டியிருந்தது.

மறுநாள் போடியிலிருந்து மெக்கானிக் ஒருவர் வந்தார், இளைஞர். வந்தவுடன் கருவிப்பெட்டியைத் திறப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ கதவு சன்னல்களை அகலத் திறந்துவிட்டு, சிறிது நேரம் அடுப்பைக் கொளுத்தி, ஓர் ஊதுபத்தியை ஏற்றி, எரிந்த வாயு புகைபோக்கிக்குள் ஏறும் வாயருகே பிடித்தார். ஊதுபத்தியின் புகை உள்ளே இழுபட வேண்டும். அது எங்கள் முகத்தை நோக்கித் திரும்பி வந்தது. "வழி அடைச்சிருக்கு சார்" என்றார். உடனே அடுப்பை அணைத்துவிட்டுப் புகைபோக்கியைக் கழற்றினார். காய் எடுப்பு இல்லாத கோடை மாதங்களில் ஏதோ பறவை அதற்குள் குச்சியும் பஞ்சுமாகக் கூடு கட்டியிருந்தது. குஞ்சுகள் பறந்து போயிருந்தன. கூடு மட்டும் தங்கிவிட்டது. அதன்மேல் கரி படிந்து படிந்து வழி பாதிக்குமேல் அடைபட்டிருந்தது.

பிறகு அவர் ஒவ்வொன்றாகக் காட்டினார். எரிவாயு ஒரு பங்கு முழுமையாக எரிய ஏறத்தாழ 25 முதல் 30 பங்கு காற்று வேண்டும். புகை வெளியேறாவிட்டால் புதுக்காற்று உள்ளே வராது. காற்றுப் போதாத தீ மஞ்சளாகும், கரி கக்கும், கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவைப் பிறப்பிக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. சிலிண்டர் வாயு கசிந்தால் அதில் கலந்துள்ள பொருளின் நாற்றம் நம்மை எச்சரிக்கும். இதற்கு அந்த எச்சரிக்கையும் கிடையாது. இரத்தத்தின் செம்பொருள் ஆக்சிஜனைப் பற்றுவதைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு இதைப் பற்றிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், தள்ளாட்டம், பிறகு உறக்கம். அந்த உறக்கத்திலிருந்து பலர் எழுவதில்லை. குளியலறையில் காஸ் கீசரை எரியவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டவர்கள் மாண்டதாக நாளிதழ்களில் அவ்வப்போது படிக்கிறோமே, அது இதுதான்.

காய் கருகியதற்குக் காரணம் வேறிடத்தில் இருந்தது. புளோயரின் காற்று நுழையும் வலையில் தூசியும் இலைச்சருகும் அப்பிக் கிடந்தன. அதன் பெல்ட் தளர்ந்து வழுக்கிற்று. அறைக்குள் வந்த கொஞ்சக் காற்றும் வெளியேற வழியில்லாதபடி திறப்புகளை நான் சாக்கால் அடைத்திருந்தேன். இரும்புக் கூட்டின் வெப்பத்தை வாங்கிச் செல்லப் போதிய காற்று இல்லாததால் கூடு அளவு மீறிக் காய்ந்தது. அருகிலிருந்த தட்டுகளைச் சுட்டது. சென்சாரோ நான் நெருக்கி அடுக்கிய தட்டுகளுக்குப் பின்னால், அனல் எட்டாத மூலையில் அகப்பட்டுக்கொண்டிருந்தது. அது தன் மூலையில் 42 டிகிரி என்று உண்மையைத்தான் சொல்லிற்று. இங்கே குளிர்கிறது என்று அது சொல்லச் சொல்ல, பர்னர் ஓயாமல் எரிந்தது.

"தீ அதிகமா எரியல சார். எரிஞ்ச சூடு போய்ச்சேர வேண்டிய எடத்துக்குப் போகல" என்றார் அந்த இளைஞர். பிறகு ரீசெட் பொத்தானைக் காட்டி, "இதை எத்தனை தடவை அமுக்குனீங்க?" என்று கேட்டார். நான் விடை சொல்லவில்லை. எண்ணியிருந்தால்தானே சொல்ல முடியும்?

வாசகரே, இந்தக் கேள்வி என்னைப் பல நாள் உறங்கவிடவில்லை. அடுப்பை நிறுத்திய அந்தச் சிறு கருவியை நான் சனியன் என்று திட்டியிருக்கிறேன். அது ஒவ்வொரு முறையும் எனக்கு ஓர் உண்மையைச் சொல்ல முயன்றது. நான் ஒவ்வொரு முறையும் காரணத்தைக் கேளாமல் அதன் வாயை மூடினேன். என் ஆன்மிக வாழ்விலும் இப்படித்தானா என்று எண்ணிப் பார்த்தேன். ஒப்புரவு அருட்சாதனத்துக்குப் போகிறேன். சினம் கொண்டேன் சுவாமி என்கிறேன். மன்னிப்புப் பெற்றுத் திரும்புகிறேன். அடுத்த வாரம் அதே சினம். மன்னிப்பில் குறையில்லை. ஆண்டவரின் இரக்கம் பொத்தானன்று. ஆனால் நான் அதைப் பொத்தானாக்கி வைத்திருந்தேன். எது அடைபட்டிருக்கிறது என்று ஒருநாளும் திறந்து பார்த்தவனில்லை.

சினத்தை ஒரு தீ என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். தீயைக் குறைத்தால் போதும் என்று நினைக்கிறோம். நானும் அன்றிரவு பர்னரைக் குறைத்துவைத்துத்தான் படுத்தேன். ஆனால் திருநூலில் தீ எப்போதும் குற்றவாளியாக வருவதில்லை. ஓரேப் மலையில் மோசே கண்ட முட்புதர் எரிந்தது, கருகவில்லை. பெந்தகோஸ்து நாளில் திருத்தூதர்மேல் இறங்கிய தீ அவர்களைச் சுடவில்லை. சாத்தியிருந்த கதவுகளைத் திறந்துகொண்டு அவர்களை வீதிக்கு அனுப்பியது. அடைபட்ட அறையில் இருந்திருந்தால் அந்தத் தீயும் அவர்களை என்ன செய்திருக்கும் என்று சில வேளை நினைத்துப் பார்க்கிறேன். என்னுள்ளே கவலை இருந்தது. விலை சரிந்த அச்சம் இருந்தது. அயலார் காய்க்குப் பொறுப்பேற்ற பாரம் இருந்தது. இவற்றில் எதுவும் பாவமன்று. அவற்றை ஒருவரிடமும் சொல்லாமல், என் வீட்டாரிடமும் சொல்லாமல், செபத்திலும் சொல்லாமல் அடைத்து வைத்திருந்தேன். அந்தச் சூடு அருகில் நின்றவரைச் சுட்டது. அருகில் நின்றவர் யார்? இரவெல்லாம் என் தீயைக் காத்தவர்.

அன்று மாலையே போடிக்கு இறங்கி அவர் வீட்டுக்குப் போனேன். காணிக்கையைப் பீடத்தின்முன் விட்டுவிட்டு முதலில் சகோதரனிடம் போகச் சொன்ன ஆண்டவரின் கட்டளையை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அதன்படி நடந்துபோன தூரம் அன்றுதான் தெரிந்தது. அவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். என்னை நோக்கி அவர் கேட்ட முதல் கேள்வி இது:

"மேல அடுப்பை யாருங்கய்யா பாக்குறாங்க? காய் உள்ளதானே கெடக்கு?"

எனக்குத் தொண்டை அடைத்தது. நடந்ததெல்லாம் சொன்னேன். பறவைக்கூட்டைச் சொன்னேன், நான் வெளியே வந்து விழுந்ததைச் சொன்னேன். மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். பிறகு, "நானும் அதே கட்டில்ல பதினஞ்சு நாளு படுத்தேன். அந்தக் கருவி நிப்பாட்டலேன்னா ரெண்டுல ஒரு ஆளு போயிருப்போம்" என்றார். சிறிது நேரம் கழித்து, தயக்கத்தோடு, "எங்கிட்டச் சொன்னது சரிங்கய்யா. ஆனா அன்னிக்கு நாலு பேரு நின்னாங்க. என் பேத்தி சோட்டுப் பிள்ளைக நின்னுச்சு" என்றார்.

அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. சக்கேயு தான் பறித்ததை நான்கு மடங்காய்த் திருப்பித் தர முன்வந்தது மக்கள் கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான். வீதியில் பறித்த மானத்தைத் திண்ணையில் வைத்துத் திருப்பித் தந்துவிட முடியாது. மூன்றாம் நாள் காலை, கூடைகள் இறங்கும் வேளையில், அதே பெண்களும் அதே அயலாரும் நின்றிருக்க, பெரியவரை அருகில் நிறுத்தி, அவர் குடிக்கவில்லை, காய் எரிந்தது அவரால் அன்று, அவர் சொன்னதைக் கேளாத என்னால்தான் என்று சொன்னேன். அயலாருக்குக் காயின் நட்டத்தையும் ஈடு செய்தேன். முப்பது ஆண்டுகள் கூட்டங்களில் பேசியவனுக்கு அந்த நாலு வாக்கியங்களைப் போலக் கடினமான பேச்சு வேறு இருந்ததில்லை. ஒரு பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெரியவர் கையை ஆட்டி, "சரி, சரி, காய் வாடுது, உள்ள எடுங்க" என்றார்.

இங்கிலாந்தில் செவிலியராய்ப் பணிபுரியும் என் தங்கை மகளிடம் பின்னொரு நாள் தொலைபேசியில் இதைச் சொன்னேன். "மாமா, எங்கள் வீட்டு பாய்லரும் இப்படித்தான் சூடேறி நின்றுகொண்டே இருந்தது" என்றாள். குளிர்நாட்டு வீடுகளில் எரிவாயு பாய்லர் ஒன்று நீரைச் சுடவைக்கும். பம்பு அந்த நீரை வீடெங்கும் குழாய்களில் ஓடச்செய்து அறைகளைக் கதகதப்பாக்கும். அவளும் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறாள். வந்து பார்த்தவர், பம்பு சிக்கி நீர் சுற்றாமல் நின்றிருப்பதைக் கண்டாராம். தீயில் பழுதே இல்லை. அங்கே உரிய பதிவு பெற்றவரன்றிப் பிறர் அதைத் திறப்பது சட்டப்படி குற்றம். வாடகை வீடுகளில் அத்தகைய பாய்லர் உள்ள அறையில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கை மணி வைப்பது 2022 அக்டோபர் முதல் இங்கிலாந்தில் கட்டாயமாம். என் அடுப்பறையில் நான் விழுந்ததும் ஏறக்குறைய அதே நாட்களில்தான். அடுத்த மாதமே அவள் அனுப்பிய மணி ஒன்று வந்து சேர்ந்தது.

அது இப்போது அடுப்பறைச் சுவரில் இருக்கிறது. புகைபோக்கியின் தலையில், தூசி அடையாத அகன்ற கண்ணுள்ள கம்பிவலை இருக்கிறது. ஆனி மாதம் காய் எடுப்பு தொடங்குமுன் அதைக் கழற்றிப் பார்க்கிறோம். காற்றுவலையை வாரந்தோறும் துடைக்கிறோம். பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்க்கிறோம். சென்சார் காற்றின் பாதையில், தட்டுகளின் நடுவே தொங்குகிறது; இரண்டாவது வெப்பமானி ஒன்று எதிர்மூலையில் இருக்கிறது. மேற்சுவர்த் திறப்புகளில் சாக்கு இல்லை. கணக்குப் பார்த்தபோது எரிவாயுச் செலவு கூடவில்லை, குறைந்திருந்தது. ஈரம் விரைவாக வெளியேறுவதால் காய் முன்னரே உலர்ந்துவிடுகிறது. அடுப்பு நின்றுவிட்டால் காரணம் தெரியும்வரை பொத்தானைத் தொடுவதில்லை என்பது எங்கள் ஸ்டோரின் சட்டம்.

பெரியவருக்கு அடுப்பறைக்கு வெளியே, காற்றோட்டமுள்ள தனி அறை கட்டிக் கொடுத்திருக்கிறேன். இன்னமும் அவர் இரவில் இரண்டு முறை எழுந்து தீயைப் பார்க்கிறார். நான் மேலே தங்கும் நாட்களில், படுக்கப் போகுமுன் அவரிடம் போய் நிற்பேன்.

"தீ எப்படி இருக்கிறது பெரியவரே?"

குனிந்து, நிதானமாகப் பார்த்துவிட்டுத்தான் விடை சொல்வார்.

"நீலமா இருக்குங்கய்யா. போய்ப் படுங்க."